கட்டுப் போட்ட கால்

கோல் போட்டவன் பெயர் மறுநாள் பேப்பரில் வரும்.
தடுத்தவன் பெயர்
எதிராளியின் கணுக்காலோடு சரி.
என் வலது கணுக்காலில் இன்றும்
உடையப்பன் என்று இருக்கிறது,
மழைக்கு முந்தின நாள் வாசித்துக் கொள்ளலாம்.

நான் ரயில்வே டீம், வலது விங்.
அவர் மில் டீம், இடது பேக்.
ரேஸ்கோர்ஸ் மைதானத்தின் ஒரே ஓரத்தில்
ஐந்து வருஷம் குடியிருந்தோம்.
சுண்ணாம்புக் கோட்டுக்கும் அவர் தோளுக்கும் நடுவே
ஒரு முழச் சந்து.
அவ்வளவுதான் எனக்கு விட்டுவைத்த மதுரை.

ரங்கூனில் துறைமுக அணிக்கு ஆடியவராம்.
அறுபத்து நாலில் கப்பலேறும்போது
சுங்கத்தில் மோதிரத்தைக் கழற்றினார்கள்,
சம்சாரத்தின் தோட்டை,
அப்புறம் பெட்டிக்குள் கிடந்த மெடல்களை.
வெறும் பித்தளை என்றிருக்கிறார்.
பித்தளையும் எங்கள் நாட்டுப் பித்தளை என்றானாம் ஆபீசர்.
பூட்ஸை மட்டும் திருப்பித் தந்தான்,
அடி தேய்ந்திருந்ததால்.

மில்லில் ப்ளோ ரூம் வேலை.
ராத்திரி ஷிப்ட் முடித்து
புருவத்தில் பஞ்சோடு வந்து நிற்பார்.
டீம் பட்டியலில் வயது முப்பத்திரண்டு.
நரைத்தது எது, பஞ்சு எது என்று
ரெப்ரிக்கும் தெரியாது.

நான் பந்தோடு வந்தால்
பந்தைப் பார்க்க மாட்டார், என் மூஞ்சியையும்.
இடுப்பைப் பார்ப்பார்.
கண்ணுக்கு நடிக்கத் தெரியும், பாதத்துக்கும் தெரியும்,
இடுப்பு பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது.
வாய்க்குள் எண்ணுவார்:
தித். நித். தோங்.
தோங்குக்குப் பந்து என்னிடம் இருக்காது.
கயிற்றுக்கு வெளியே நின்று கத்திய அத்தனை பேரில்
ஒருவருக்கும் கேட்காத பர்மாக் கணக்கு
எனக்குக் கேட்டது,
பக்கத்தில், சுருட்டு வாசத்தோடு.
சொந்தச் சம்சாரம்கூட அதைக் கேட்டிருக்க மாட்டார்.

அறுபத்தொன்பது பைனல்.
இடது முட்டியில் மஞ்சள் கட்டு.
எங்கள் கீப்பர் துரைசிங்கம் காதில் சொன்னான்:
"இடது போச்சாம்டா அவருக்கு.
ரெண்டு ஷிப்ட் பாத்துட்டு வந்திருக்காரு.
வெளிப்பக்கமாப் போ."
போனேன்.
அந்தக் காலின் பக்கமாகவே,
அது நோகும் என்று தெரிந்தே போனேன்.
தித் என்றார்.
நித் என்றார்.
மூன்றாவது எண் வரவில்லை.
முதுகுக்குப் பின்னால் யாரோ உட்காருகிற சத்தம்,
முன்னால் வலை.

பேப்பரில் என் பெயரை ஓர் எழுத்து தப்பாகப் போட்டார்கள்.
அவர் பெயர் இல்லை.
அதன் பின் எந்தப் பட்டியலிலும் இல்லை.
ஆட்டம் முடிந்து கோட்டோரம் உட்கார்ந்து
கட்டை அவிழ்த்து, நீவி, சுருட்டி
சட்டைப் பைக்குள் அவர் வைத்ததை
என்னைத் தோளில் தூக்கியவர்கள் தோளிலிருந்து பார்த்தேன்.

மில் கேட் எதிரே டீ நன்றாக இருக்கும்.
பத்து வருஷம் நான் அங்கே குடிக்கவில்லை.

பழங்காநத்தத்தில், மண்ணெண்ணெய் வரிசையில்,
எனக்கு முன்னால் ஒரு இருமல்.
திரும்பினார். என் இடுப்பைத்தான் முதலில் பார்த்தார்.
"ரயில்வே."
வேட்டியைப் பிடித்துக்கொண்டு நான் உளறினேன்:
முட்டி தெரியும், தெரிந்துதான் வந்தேன்,
அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.
சிரித்தார். சிரிப்பு இருமலாகி
மறுபடி சிரிப்பாகி வர நேரம் பிடித்தது.
"கட்டு எப்பவும் நல்ல கால்லதான்யா போடுவேன்.
உன்ன மாதிரி ஆளுக
அந்தப் பக்கமா வந்து மாட்டுவானுக."

அப்படியானால் அன்றைக்கு?
நான் எப்படிப் போனேன்?

வரிசை நகர்ந்தது.
"அன்னைக்கு ரெண்டுமே போச்சு" என்றார்.
உண்மையா, எனக்காகச் சொன்னதா,
இடுப்பைப் பார்த்தேன். எனக்கு அது படிக்க வராது.
டின்னைக் காலால் நகர்த்திக்கொண்டு போனார்,
இடது உள்பாதத்தால்,
ஒரு சொட்டு அலுங்காமல்.